மாடியில் வெடித்த பீர்

19.5.1998, செவ்வாய்

“மாவு புளிச்சா ஏன் சார் பொங்குது?” என்று கோடை விடுமுறை வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். உள்ளே உண்டாகும் வாயு வெளியேற வழி தேடுகிறது என்றேன்.

மாடியில் குடியிருக்கும் வெள்ளைக்காரர் பீட்டர் தானே பீர் தயாரித்திருந்தார். அவர் ஊர்க் குளிரில் வாரக்கணக்கில் நொதிப்பது, நம் கத்திரி வெயிலில் இரண்டே நாளில் நுரைத்து அடங்கியது. முடிந்துவிட்டதென்று நம்பி, பாட்டில்களில் ஊற்றி இறுக மூடிவிட்டார். மாலையில் ஒன்று வெடித்து அவர் கன்னத்தைக் கிழித்தது. மற்றவை அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

“கோயில் ஊர்ல சாராயம் காய்ச்சறாரு, காலி பண்ணச் சொல்லுங்க!” என்று என் மனைவி கமலா கத்தினாள். பிறகு அவளே, “மேல போவாதீங்க, இங்கயே படுங்க” என்று அவருக்குக் கூடத்தில் பாய் விரித்தாள்.

அவர் தூங்குகிறார். எனக்கு மாடியிலேயே காது. விடிந்ததும் நான்தான் போய் மூடிகளைத் திறந்துவிட வேண்டும். பாட்டிலைத் தொடுமுன் கனமான ஈரச் சாக்கை அதன் மேல் போர்த்த வேண்டும்.