திருச்சி போய்த் திரும்பிய கத்திரிக்காய்

அன்புள்ள மாமாவுக்கு,

பொற்கொடி எழுதுவது. இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் விட்டுப் பாப்பா இப்போதுதான் தூங்கினாள். போனில் பேசினால் அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுகிறார்கள். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். அங்கே துபாயில் வண்டியை ஓரம் கட்டிய பிறகு படியுங்கள்.

கிணற்றடி வயலின் ஒரு மூலையில் நான் போட்ட கத்திரி நன்றாகக் காய்த்தது. திங்கட்கிழமை ஒரு மூட்டை பறித்தேன். சாக்கைக் கட்டக் கயிறு கிடைக்காமல், என் பழைய மஞ்சள் சேலையைக் கிழித்துக் கட்டி, அறந்தாங்கி கமிஷன் கடையில் போடச் சொல்லி உங்கள் தம்பி ரெங்கராஜிடம் கொடுத்துவிட்டேன். புதன்கிழமை குழம்புக்குக் காய் வாங்க ராக்காயி அக்கா கடைக்குப் போனால், அங்கே ஒரு மூட்டையின் வாயில் என் சேலைத்துண்டு! அறந்தாங்கியில் வாங்கியவர் திருச்சிக்கு ஏற்றியிருக்கிறார். அங்கிருந்து நம் ஊர் லோடிலேயே திரும்பி வந்திருக்கிறது. “ஒஞ் சேலைக்கு ஊர் சுத்திப் பாக்க ஆசை வந்துருச்சு போலடி” என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வீட்டில் நறுக்கும்போது சிரிப்பு வரவில்லை. பாதிக் காய் வாடிக் கிடந்தது. நம் வாசலுக்கும் அந்தக் கடைக்கும் நூறடிதான். கல்லூரியில் லாரிப் புகையால் பூமி சூடாவதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவள் நான். என் கையில் விளைந்ததும் லாரியில் ஏற்றத்தான் தோன்றியது. போன பங்குனி வெயிலில் பாப்பா பால்வாடியில் மயங்கி விழுந்தாளே, அந்தச் சூட்டில் என் பங்கும் இருக்கிறது என்றே படுகிறது.

மறுநாள், என் காயை நேராகக் கடைக்கே தரட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். “வாங்கிக்கிறேன். ஆனா நாலு நாள் குடுத்துட்டு அஞ்சாம் நாள் கைய விரிச்சியன்னா, நான் லாரிக்காரன்ட்ட எந்த மூஞ்சியோட போவேன்?” என்றாள். நியாயம்தான். மூலை போதாது, வயல் முழுக்க வேண்டும். வெண்டை, தக்காளி, கீரை என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். பூச்சி விழலாம், தோற்றும் போகலாம். அந்தப் பயம் எனக்கும் உண்டு.

ஆனால் வரும் திங்கட்கிழமை அதே வயலில் தைலமரக் கன்றுக்குக் குழி வெட்ட ஆள் வருகிறதாம். “அண்ணே சரின்னுட்டாரு அண்ணி. இனி இங்கிட்டு வந்து ஏன் வெயில்ல காயிறீங்க?” என்கிறார் ரெங்கராஜ். வடக்கே சிவசாமி வயலில் தைலமரம் வைத்த பிறகு கிணறு வற்றியதை நீங்களும் பார்த்தீர்கள். நிலம் உங்கள் பெயரில் இருக்கிறது. நீங்கள் உண்மையிலேயே சரி சொன்னீர்களா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றவில்லையா?

கோபத்தில் எழுதவில்லை. ஒரே ஒரு வருடம் அந்த வயலை எனக்கு விடுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஆண்டவன் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடுங்கள்.

உங்கள்,
பொற்கொடி