துவைத்த பனியன்

வியாழன். சித்திரைப் புழுக்கம்.

புதிய விளையாட்டு பனியனுக்குத் தமிழில் பெயர் வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார். காலையில் பழைய அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மூச்சுக்கும் வியர்வைக்கும் இத்தனை சொற்கள் இருப்பது தெரியாது. நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. குறுவியர் என்றால் சிறு துளிகளாக அரும்பும் வியர்வை. குறுவியர் பிடித்திருந்தது. எழுதி வைத்தேன்.

அப்போதுதான் கட்டிங் மாஸ்டர் செல்வத்தின் மனைவி வந்தார். செல்வம் போன வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார். போட்டுப் பார்த்துச் சொல்லும்படி செல்வத்திடம் கொடுத்திருந்த சாம்பிள் பனியனை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"வேர்வைக் கறை பாப்பாங்க, தொவைக்காமத்தான் குடுக்கோணும்னு சொல்லியிருந்தாருங்ணா."

வாங்கினேன். கறையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, வழக்கம்போல வாஷிங் டெஸ்டுக்கு அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அந்த அம்மாவே போன் செய்தார்.

"அந்த பனியனத் திருப்பித் தர முடியுங்களாண்ணா? எழவுக்கு வந்தவங்க அவரு துணி எல்லாத்தையும் தொவச்சுப் போட்டுட்டாங்க. அவரு வாசம் அதுல மட்டுந்தான் இருக்குதுங்க."

"இருக்குதுங்க. நாளைக்குத் தாரேன்" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

டெஸ்டில் துவைத்து வந்திருந்த பனியனை வீட்டுக்கு எடுத்துவந்து பலமுறை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசம் மட்டும்தான்.

ஃபேனை நிறுத்திவிட்டேன். ஜன்னலையும் சாத்தியாயிற்று. அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். செல்வத்துக்கும் எனக்கும் ஒரே அளவு.

மார்பில் குறுவியர் அரும்பத் தொடங்கிவிட்டது.