சோதனை எண்ணோடு நாற்பது நிமிடம்

இல்லை அக்கா, அழைப்புக் கணக்கில் தினமும் ஒரே எண் இருப்பதை நேற்று நீ கோளாறு என்றாய்; அது கோளாறில்லை. வீட்டுப் போன்களை இணைக்க நம் கணினியில் நான் போட்டிருக்கும் திறந்த மூல அழைப்பு மென்பொருளில் அந்த எண் சோதனைக்கு மட்டும்தான். நாம் பேசுவதையே நமக்குத் திருப்பிச் சொல்லும். அதோடு நீ தினமும் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறாய். கணக்கில் நேரம் மட்டும்தான் இருக்கிறது, பேச்சு பதிவாகாது. "யாருக்கா அந்த ஆளு?" என்று அம்மா முன்னால் உன்னைச் சீண்டியது என் தப்பு.

மொழிபெயர்ப்பு நாவல்களில் ஆட்கள் சுவரோடு பேசினால் அழகாக இருக்கிறது. நீ பேசினால் பயமாக இருக்கிறது.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். எலெக்ட்ரீஷியன் வந்தால் கணினியை அணைக்க விடாதே, அது அணைந்தால் அழைப்பு போகாது.

பி.கு: அதே மென்பொருளில் என் கைபேசிக்கு எண் 104. நான் எதையும் திருப்பிச் சொல்ல மாட்டேன். இன்று மதியம் அந்தச் சோதனை எண்ணுக்குப் பதிலாக என்னைக் கூப்பிடுகிறாயா?