குப்பியில் மிச்சமிருக்கும் தண்ணீர்

786
திருக்கழுக்குன்றம்
28-8-77

அன்பு மகன் அமானுல்லாவுக்கு அம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் திருப்பிக் கொடுத்த நலத்தோடு இங்கே இருக்கிறோம், ஜித்தாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் எனக்கு அதுவே பாதி நலம். நோன்பு தொடங்கிய அன்றைக்குத்தான் அத்தாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கட்டுவிரியன் தீண்டியது, பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தது எல்லாம் உன் தங்கை ஜஹனாரா எழுதியிருப்பாள். அவளுக்கே தெரியாத ஒன்றை நான் எழுதுகிறேன்.

மூச்சுக்காக அத்தாவுக்கு வாய் வழியாகத் தொண்டைக்குள் குழாய் விட்டு மிஷினில் வைத்திருந்தார்கள், பதினோரு நாள். எடுத்ததும் என் பேரைத்தான் சொன்னார், வெறும் காற்றாக வந்தது குரல். எனக்கு அது போதும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். வசந்தா என்று ஒரு நர்ஸ், அச்சரப்பாக்கத்துப் பெண், வாயில் ஒரு சொட்டும் விடக்கூடாது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள். நானோ, பிழைத்து எழுந்தால் முதலில் மக்கத்து ஜம்ஜம் தண்ணீர்தான் இறங்கவேண்டும் என்று நிய்யத்து வைத்திருந்தேன். நீ கொடுத்தனுப்பிய குப்பி என் பையிலேயே இருந்தது. பிஸ்மி சொல்லி ஒரு மடக்கு ஊற்றினேன். அவர் இருமவில்லை, புரையேறவில்லை, நானும் அல்ஹம்துலில்லாஹ் என்று குப்பியை மூடிவிட்டேன்.

மறுநாள் காய்ச்சல் கொதித்தது, நெஞ்சில் களகளவென்று சத்தம். திரும்பவும் குழாய் போடவேண்டி வரலாம் என்றார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை அமானுல்லா, உன் அம்மா அவ்வளவு கோழை. வசந்தாதான் ஏதோ கொடுத்துவிட்டாள் என்று டாக்டர் அவளைத் திட்டியபோதுதான் தாங்காமல் சொன்னேன். அவள் என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னாம்மா, கொழாய எட்த்துட்டா தொண்ட ஒடனே வேல செய்யுமா? பதினோரு நாளு சும்மா கெடந்து முழுங்கறதையே மறந்துபூட்ச்சி. இருமலன்னா வயித்துக்குப் பூட்ச்சின்னு அர்த்தமா? நெஞ்சுக்குப் பூட்ச்சிம்மா" என்றாள். மூன்று நாள் நான் செத்துப் பிழைத்தேன், பிறகு காய்ச்சல் இறங்கியது.

இப்போது பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை வடிகட்டி, திரும்பக் காய்ச்சிக் கெட்டியாக்கிக் கொடுக்கிறேன். தாடையை நெஞ்சோடு சேர்த்து, ஒவ்வொரு கரண்டிக்கும் இரண்டு தரம் விழுங்குகிறார். கஞ்சி இறங்குகிறது, தண்ணீர் சட்டென்று ஓடி நெஞ்சுக்குள் போய்விடுமாம், அதுதான் இன்னும் ஆகாது. செம்பைத் தூக்கி அண்ணாந்து ஒரே மூச்சில் குடிக்கிற மனிதர், நாங்கள் நோன்பு திறக்கும்போது தண்ணீரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பெருநாளுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குச் செங்கல்பட்டு டாக்டர் தன் எதிரிலேயே ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். நர்ஸ் யாராவது கொடுக்கட்டும், என் கை வேண்டாம் என்று சொல்லி, அன்று செய்ததையும் அத்தாவிடம் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன்.

அவர் கரகரத்த குரலில், "எறங்காதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீ பிஸ்மி சொல்லி குடுக்கறே, எப்படி வாய மூடறது?" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "குப்பில மிச்சம் கீதுல்ல, அத எட்த்து வை. நீயே குடு" என்றார்.

தண்ணீர் அனுப்பினோமே என்று நீ மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே, குற்றம் தண்ணீரில் இல்லை, என் அவசரத்தில். லீவு கேட்டு அலையவும் வேண்டாம். வெயிலில் வேலை செய்கிறாய், விடியுமுன் ஸஹர் சாப்பிடாமல் நோன்பு பிடிக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். பெருநாளுக்கு மறுநாள் காலை பத்து மணியை மட்டும் மறந்துவிடாதே. அத்தாவுக்காக எல்லோரும் துஆ கேட்கிறார்கள், நீ என் கை நடுங்காமல் இருக்கக் கேள்.

உன் அம்மா
பதருன்னிசா