சாவு சீனுக்குப் பிறகு ஒரு சிரிப்பு

ஜூன் 3, செவ்வாய்
முட்டி வலி சொல்வதைக் கேட்டிருந்தால் இன்று படுக்கையை விட்டே எழுந்திருக்க மாட்டேன். புக்கிட் பெலண்டோக்கில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே தொழிலாளர் குடியிருந்த பழைய லயம் ஒன்று மிச்சமிருக்கிறது. அதில்தான் படப்பிடிப்பு.

மதியம் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஷாமினி கூப்பிட்டாள். "மேடம், இதுதான் உங்க கடைசி டிராமா லா. அடுத்த வருஷம் அந்த டைம்ல தமிழ்நாட்டு சீரியல் வருது. ஆனா உங்களுக்குப் பெரிய விழா எடுக்கிறோம்!"

முதன்முதலில் நான் இயக்க வந்த அன்று, மேக்கப் பெட்டி எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். பொம்பளை டைரக்டரை அதுவரை யாரும் பார்த்ததில்லை. இப்போது விழா எடுத்து அனுப்புகிறார்கள்.

ஜூன் 5, வியாழன்
தோட்டத்துக் கங்காணியான மண்டோர் சாகும் காட்சி. வீரமுத்து அண்ணன் மூக்கில் பஞ்சு, கழுத்தில் மாலையோடு பெஞ்சில் படுத்திருந்தார். என் முதல் நாடகத்திலிருந்து கூட நடிப்பவர். செத்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற வரை நான் 'கட்' சொல்வதில்லை. சிரிக்காமல் போனால் சாவு கூடவே வரும் என்று இந்தத் தொழிலில் ஒரு பயம். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள்தான் நான், ஆனாலும் இதை விட்டதில்லை.

இன்று விட்டுப்போனது. பேய் மழை. ஜெனரேட்டர் நின்றது, ஆளாளுக்குச் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அண்ணன் பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு சிரம்பான் பக்கம் ராசாவில் இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜூன் 6
கேமராமேன் நைஜல்: "அக்கா, அங்கிள் சிரிக்கவே இல்லையே?" போய் வேலையைப் பார் என்றேன்.

ஜூன் 9, திங்கள்
அண்ணன் குளியலறையில் விழுந்துவிட்டார். இருதயம். சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

செட்டில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். மண்டோர் உயிரோடு இருக்கும்போது வருகிற இரண்டு காட்சி அவருக்கு இன்னும் பாக்கி. "டூப் வெச்சு முடிச்சிடுங்க மேடம்" என்கிறாள் ஷாமினி. முடியாதுன்னு சொல்லிட்டேன். என்ன பண்ணிடுவாங்க? ஏற்கெனவே அனுப்பியாச்சே!

மாதாவே, அவரை எழுப்பிக் கொடு.

ஜூன் 14, சனி
கோலாலம்பூரில் விழா. மண்டப வாசலில் என் பெரிய படம், அதற்கு மல்லிகை மாலை. பக்கத்தில் குத்துவிளக்கு வேறு. அறிவிப்பாளர் மேடையில், "இயக்குநர் அகதா ஒரு முன்னோடியாக இருந்தார்" என்றார். இருந்தார்! முன்வரிசையில் உட்கார்ந்து நானே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறிப்போன மீஹூன் நூடுல்ஸைத் தின்றுவிட்டு மந்தின் ஊர் வழியாக வீடு திரும்பினேன். வழியெல்லாம் அழுகை.

ஜூன் 15, ஞாயிறு
பூசை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் பாதியாகிவிட்டார். மூக்கில் குழாய். விழாக் கதையைச் சொன்னேன்.

"உன் படத்துக்கா மாலை போட்டானுங்க?"

"ஆமாண்ணே."

"அட பிள்ள, அப்ப உனக்கும் சாவு சீன் எடுத்துட்டானுங்க! நீ சிரிச்சியா?"

"எங்க சிரிக்கிறது? நீங்களே இன்னும் சிரிக்கல."

கைப்பேசியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். உம்மென்று இருந்தார்.

"சிரிங்கண்ணே."

"நீ ஆக்‌ஷன் சொல்லலையே?"

சொன்னேன். பல்செட் இல்லாத வாயைத் திறந்து சிரித்தார் பாருங்கள்! நர்ஸ் வந்து "டியாம், டியாம்" என்று சத்தம் போடாமல் இருக்கச் சொல்லி எங்கள் இருவரையும் அதட்டினாள்.

ஜூலை 2
டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். உட்கார்ந்து நடிக்கலாம். காட்சியை மாற்றி எழுதினேன்.

ஜூலை 12, சனி
கடைசி நாள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தே இரண்டு காட்சியையும் முடித்துக் கொடுத்தார். நான் 'கட்' சொல்ல வாயெடுத்தபோது நைஜல் கேமராவை என் பக்கம் திருப்பினான். சாவு சீனில் அண்ணன் கழுத்தில் கிடந்த பிளாஸ்டிக் மாலையை யாரோ என் கழுத்தில் போட்டார்கள்.

"ஆக்‌ஷன்" என்றார் வீரமுத்து அண்ணன்.

அழுகைதான் வந்தது. "ஒன் மோர்" என்றார். அதுவும் சரியாக வரவில்லை.

மூன்றாவது டேக்கில் சிரித்தேன்.

சாமான் ஏற்றும்போது, "அடுத்தது எப்பக்கா? யூடியூப்ல நாமளே போடலாம் லா" என்றான் நைஜல். முட்டி வலி குறையட்டும் என்றேன். வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்திருக்கிறேன்.