ஆளில்லாத வீடு

செவ்வாய்க்கிழமை, இஷாவுக்குப் பிறகு

மேசைக்குக் கீழே, நீல நூலால் வார் தைத்த செருப்பைத்தான் முதலில் கண்டேன். போன வாரம் என் கூடப்பிறந்த காக்காவின் போதை வழக்கில், கோர்ட்டுக்கு அறிக்கை எழுத வீட்டுக்கு வந்து விசாரித்த உத்தியோகத்தரின் செருப்பு. அன்று நான் திரைக்குப் பின்னால் நின்றேன். கால் மட்டும்தான் தெரிந்தது. காக்காவும் என்னைப் பற்றிச் சொல்லவில்லை. கலியாணமாகாத குமர்ப்பிள்ளை வீட்டில் இருப்பதை வெளி ஆம்பிளையிடம் சொல்வதில்லை.

இன்று கோர்ட்டு ஆட்களுக்கும் பொலிசுக்கும் வகுப்பு. போதைக்குப் பழகியவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்புவது பற்றி. நானும் மாமியும் தேத்தண்ணி கொடுக்கப் போனோம். யாருக்குச் சிகிச்சை சரிவராது என்று படிப்பித்த மிஸ் கேட்டார். அந்தச் செருப்புக்காரர் எழும்பினார்.

“ஐஸ் பாவிச்ச ஒரு பொடியன், மிஸ். உம்மா குவைத்துல, வாப்பா கடல்ல. பாத்துக்கொள்ள ஒருத்தருமில்ல. நான் போன நேரம் ஒரு தேத்தண்ணி தரக்கூட ஆளில்ல. உள்ளுக்குப் போடச் சொல்லித்தான் எழுதணும்.”

சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காக்காவுக்குக் கோர்ட்டில் தவணை. காக்கா நடுங்கும் இரவுகளில் பக்கத்தில் இருப்பது நான் மட்டும்தான்.

“என்ன புள்ள பாத்துக்கு நிக்கிறாய், கொண்டு போய்க் குடு” என்றார் மாமி.

கோப்பையை அந்த உத்தியோகத்தர் முன்னால் வைத்தேன்.

“சேர், அந்த வீட்டுல நான் இருக்கன்” என்றேன்.