தொடாதே என்று நீ சொன்ன கம்ப்யூட்டர்

புதுச்சேரி

அன்பு மகன் ஷாரிக்குக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நானும் அத்தாவும் உன் தங்கச்சி ரூமானாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். பிரெஞ்சுப் பட்டாளப் பயிற்சி முடியும்வரை போன் தரமாட்டார்கள், கடிதம்தான் போடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாய், அதனால் இத்தனை வருடம் கழித்துப் பேனா பிடிக்கிறேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. அத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடியில் ஒழுகிய இடத்தை அடைத்தாகிவிட்டது. நான் சொல்ல வந்தது வேறு.

நீ பாரிசிலிருந்து கொண்டுவந்து வைத்த கம்ப்யூட்டர் போன மாதம் கெட்டுப்போனது. கெடுத்தவர் உன் அத்தா. திரையில் ஒரு பெட்டி வந்து எதையோ புதுப்பிக்கவா என்று பிரெஞ்சில் கேட்டிருக்கிறது, அவருக்குத் தெரிந்த பிரெஞ்சே ஆமாம் சொல்ல ‘வுய்’, நன்றி சொல்ல ‘மெர்சி’ இரண்டுதான், அதிலும் பிரெஞ்சில் கேட்டால் மாட்டேன் என்பது மரியாதையில்லை என்று நினைக்கிற மனிதர், வந்த பெட்டிக்கெல்லாம் வுய் அழுத்திவிட்டார். மறுபடி போட்டால் எழுத்தெல்லாம் பூசணிக்காய் மாதிரி பெரிசாக நிற்கிறது, படங்கள் நசுங்கிக் கிடக்கின்றன, ரூமானாவின் வரைபட சாப்ட்வேர் திறக்கவே இல்லை. அவள் தன் கடைசி வருட ஆர்க்கிடெக்சர் வரைபடத்தை மறுநாள் சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருடம் போய்விடும். கனகசெட்டிக்குளத்துப் பெண்கள் கருவாடு காயவைக்க ஒரு கூடம், வெயிலில் அவர்களோடு உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வரைந்தது. தோழி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் அவளும் அதே அவசரத்தில் இருக்கிறாள். பிள்ளை சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாள்.

கருவடிக்குப்பத்திலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற செல்வகுமார் வந்தார். பார்த்ததுமே, டிஸ்ப்ளே டிரைவர் மாறிப்போச்சுக்கா என்றார், திரையை நடத்துகிற புரோகிராமுக்கு அந்தப் பெயராம். ஆனால் உள்ளே எல்லாம் பிரெஞ்சு, தப்பா எதனா அமுக்கிட்டா வம்பு, மொத்தமா அழிச்சிட்டு இங்கிலீஷ்ல போட்டுத் தர்றேன், ரெண்டு நாள் ஆவும் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பிளஸ் டூ வரைக்கும் பிரெஞ்சு படித்தது உன் அத்தாவுக்கு மெர்சி சொல்லவா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், எங்க போவணும்னு நீங்க சொல்லுங்க, என்ன எழுதியிருக்குன்னு நான் சொல்றேன் என்றேன். அம்மா, நீ மட்டும் எதையும் தொட்டுடாதே என்று நீ கிளம்பும்போது சொன்னது ஞாபகம் வரத்தான் செய்தது. பழைய டிரைவருக்குத் திரும்புகிற பொத்தான் மங்கிக் கிடந்தது, அழுத்தினால் அசையவில்லை. அப்படின்னா இருக்கிறத நீக்கிட்டுப் புதுசா போடணும் என்றார். நீக்கவா என்று கேட்ட பெட்டியை ஓர் எழுத்து விடாமல் படித்தேன், டிரைவரை மட்டும்தான் எடுப்பேன் என்று தெளிவாகப் போட்டிருந்தது. ரூமானா என் கையைப் பிடித்துக்கொண்டு, வேணாம்மா, எல்லாம் போயிடப் போவுது என்கிறாள். பிஸ்மி சொல்லி அழுத்தினேன். திரை கறுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வந்தது, நான் படிக்கப் படிக்க அவர், கம்ப்யூட்டர் கம்பெனியின் இணையதளத்திலிருந்து சரியான டிரைவரை இறக்கினார், எழுத்தெல்லாம் பழைய அளவுக்கு வந்து நின்றது, சாப்ட்வேர் திறந்தது, கருவாட்டுக் கூடம் அப்படியே இருந்தது.

நேற்று கல்லூரியில் அந்த வரைபடத்துக்குத்தான் முதல் இடம். எனக்குப் பெருமை தாங்கவில்லை ஷாரிக், அவளை நினைத்தும் சரி, என்னை நினைத்தும் சரி. அத்தா தெரு முழுக்க என் மகள், என் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு வருகிறார், வுய் அழுத்திய கதையை மட்டும் விட்டுவிடுகிறார். இப்போது செல்வகுமாருக்குப் பிரெஞ்சு கம்ப்யூட்டர் எது வந்தாலும் எனக்குத்தான் போன், ஒன்றை மீன் ஆய்ந்துகொண்டே சரிசெய்து கொடுத்தேன்.

ஈரக் காலோடு படுக்காதே, வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன் கால் வைக்கிற இடமெல்லாம் பத்திரமாக்கித் தரட்டும், நல்ல பெயரோடு திரும்பி வா. லீவுக்கு வந்ததும் நேராக அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காராதே, தொடுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேள்.

உன் அம்மா
ஜஹபர் நிஷா